தூண்டில் றீலும் பெருவிரலும்

புதிதாக வாங்கிய தூண்டிற்கோலும் கையுமாக நீர்க்கரையில் வந்து நிற்கும் ஒருவனை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவரலாம். கோலின் நுனியில் மரத்தாற் செய்த போலி மீனொன்று தொங்குகிறது. அவன் கோலைப் பின்னே சாய்த்து, முழுப் பலத்தோடும் முன்னே வீசுகிறான். போலி மீன் பத்துப் பன்னிரண்டு முழத் தூரம் பறக்கிறது. பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தாற்போலத் திடுமென நின்று நீரில் விழுகிறது. கையிலுள்ள றீலை அவன் குனிந்து பார்க்கிறான். சற்றுமுன் சீராகச் சுற்றியிருந்த நூல் இப்பொழுது பிய்த்தெறிந்த குருவிக்கூடு போலப் பொங்கி நிற்கிறது. அமெரிக்கத் தூண்டிற்காரர் இதற்கு வைத்திருக்கும் பெயரும் 'பறவைக் கூடு' என்பதே.

அன்று மாலை முழுவதும் அவனுக்கு மீன் பிடிக்கும் வேலையில்லை, சிக்கெடுக்கும் வேலைதான். இரண்டு மூன்று முறை இங்ஙனம் நேர்ந்தபின் பலர் அந்த றீலைப் பெட்டியிற் போட்டு மூடிவிட்டு, வேறு வகையொன்றைத் தேடிப் போகின்றனர். கருவியிற் பழுதில்லை. வீசியவன் கையிலும் வலிமைக் குறைவில்லை. கருவியானது அவன் கட்டிய இரையின் எடைக்கும் அவன் கையின் பழக்கத்துக்கும் ஏற்ப அமைக்கப்படவில்லை, அவ்வளவே. அந்த அமைப்பு வேலைக்குக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்தை எவரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கேட்போருட் பலர் இக்கருவியைக் கண்டிருக்கமாட்டார்கள். ஆதலால் அதன் உருவத்தை முதலிற் சொல்லிவிடுதல் நன்று. தையற்காரர் வைத்திருக்கும் நூற்கட்டை ஒன்றை எடுத்து, இரண்டு தட்டுகளுக்கிடையே ஓர் அச்சிற் பொருத்தி, தூண்டிற்கோலின் மேற்புறத்தில் குறுக்காக இருத்தினால் எப்படியிருக்குமோ அப்படியிருப்பது இந்த றீல். ஒரு பக்கத் தட்டிலே கைபிடி உண்டு. கைபிடியை ஒருமுறை சுற்றினால் உள்ளேயுள்ள பற்சில்லுகள் நூலுருளையை ஆறேழு முறை சுற்றச் செய்யும். உருளையின் பின்புறத்தில், பெருவிரல் இயல்பாகச் சென்று படியும் இடத்தில், ஒரு நெம்பு இருக்கும். அதனை அழுத்தியதும் கைபிடிக்கும் உருளைக்குமுள்ள தொடர்பு அற்றுப்போகும். உருளை தன்னிச்சையாகச் சுழலத் தொடங்கும். வீசுவதற்கு இந்நிலையே வேண்டும். பறந்து செல்லும் இரை நூலை இழுக்கிறது. நூல் உருளையைச் சுழற்றுகிறது.

இன்று உலகெங்கும் மிகுதியாகக் காணப்படும் மற்றொரு வகை றீலில் உருளை சுழல்வதில்லை. இங்கிலாந்தில் அல்ஃபிரெட் ஹோல்டன் இல்லிங்வேர்த் என்பவர் 1905இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் கம்பளி நூல் ஆலைத் தொழிலோடு தொடர்புடையவர். ஆலையிலே நிலையாக நிற்கும் நூற்கட்டையின் முனைவழியே நூல் வளையம் வளையமாகக் கழன்று வருவதைக் கண்டே அந்த எண்ணம் அவருக்கு உதித்தது என்பர். உருளை சுழலாத காரணத்தால் அது மிகையாகச் சுழலவும் வழியில்லை. ஆகவே தொடக்கக்காரனுக்கு அது எளிது. ஆயினும் கனமான இரையைக் குறித்த இடத்திலே கொண்டுபோய் விழுத்துவதற்கும், நீர்ப்பூண்டுகளுக்குள்ளிருந்து பெரிய மீனை வலிந்து இழுப்பதற்கும் சுழலும் உருளையையே கைதேர்ந்தோர் விரும்புகின்றனர். அதற்குக் காரணம், வீச்சின் ஒவ்வொரு கணமும் நூல் பெருவிரலின் ஆட்சிக்குள் இருப்பதேயாகும்.

இந்தச் சுழலும் றீலின் வரலாறு சுவையானது. ஒரு சுற்றுக்குப் பல சுற்றுத் தரும் பற்சில்லு றீல்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் இருந்தன. ஆனால், அவை நூலைச் சுற்றியெடுக்கப் பயன்பட்டனவேயன்றி, வீசுவதற்கு ஏற்றவையாய் அமையவில்லை. வீசுதற்குரிய றீல் பிறந்தது அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில். அங்கே பாரிஸ் என்னும் சிறு நகரில் ஜோர்ஜ் ஸ்நைடர் என்ற கடிகாரத் தொழிலாளர் வாழ்ந்தார். 19ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் அவர் தமக்கும் தம் நண்பர்க்குமாகச் சில றீல்களைக் கையாற் செய்தார். அந்நாட்டு ஓடைகளில் வாழும் பாஸ் என்னும் மீன், உயிருள்ள சிறு மீன்களையே விரும்பி உண்பது. சிறு மீனொன்றை முள்ளிற் கோத்து, அது அறுந்து போகாமல் மெல்ல எறிய வேண்டுமாயின், காற்றுப் பட்டாலே சுழலும் அளவுக்கு இலேசான உருளை வேண்டும். அத்தகைய அச்சையும் பற்சில்லையும் செய்யவல்லவர் அக்காலத்தில் கடிகாரத் தொழிலாளரையன்றி வேறு யார்?

ஸ்நைடருக்குப் பின் அதே மாநிலத்துப் பிராங்போர்ட் நகரில் மீக் சகோதரர்களும், அவர்களிடம் தொழில் பயின்ற பெஞ்சமின் மைலம் என்பவரும் இக்கலையை வளர்த்தனர். இவர்களும் கடிகாரத் தொழிலைச் சேர்ந்தோரே. இவர்கள் செய்த றீல்களிற் சிலவற்றில், கைக்கடிகாரத்திற் போலவே, அச்சு முனைகள் மணிக்கற்களின்மீது சுழன்றன. கைபிடியின் ஒரு சுற்றுக்கு உருளை நான்கு முறை சுற்றும். ஆனால், வீசும்போது கைபிடியைத் தொடர்பறுத்து வைக்கும் வசதி அவற்றில் இல்லை. இரை பறக்கையில் கைபிடியும் எதிர்த்திசையிற் கிறுகிறுவெனச் சுழலும். நூலை உருளையில் ஒரு பக்கத்திலே குவியவிடாமற் சீராகப் பரப்பும் பொறியை மிச்சிகன் மாநிலத்துக் கலமாசூ நகரைச் சேர்ந்த வில்லியம் ஷேக்ஸ்பியர் என்பவர் 1890களில் அமைத்தார். இவர் நாடகாசிரியரல்லர் என்பதைச் சொல்லத் தேவையில்லை!

1921இல் சுவீடன் நாட்டின் சுவெங்ஸ்தா என்னும் சிற்றூரில் ஒரு கடிகாரத் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. சுவீடிய மொழியில் 'ஊர்' என்பது கடிகாரத்தைக் குறிக்கும் சொல். அதனால் 'ஊர்ஃபாப்ரிக்கன்' என்று அதற்குப் பெயர். அந்நிறுவனத்தின் முழுப் பெயரின் முதலெழுத்துகளே பின்னர் 'அபு' எனச் சுருங்கி உலகெங்கும் வழங்கலாயின. கடிகாரமும், வாடகைக் கார்களில் கட்டணம் காட்டும் மானியும் செய்து வந்த அத்தொழிற்சாலை, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே தூண்டில் றீல் செய்யத் திரும்பிற்று. 1952இல் அது வெளியிட்ட 'அம்பாசடர் 5000' என்னும் சிவப்பு நிற றீலில் கைபிடி நிற்க உருளைமட்டும் சுழலும் வசதியும், மிகுவேகத்தைத் தானே அடக்கும் பிறேக்கும் ஒருங்கே அமைந்திருந்தன. இன்று கடைகளில் விற்கப்படும் றீல்களெல்லாம் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே.

இனிச் சிக்கலுக்கு வருவோம். சிக்கல் ஏன் உண்டாகிறது? வீசிய கணத்தில் இரை மிகுந்த வேகத்தோடு புறப்படுகிறது. செக்கனுக்கு 20 மீற்றர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். நூல் நிறைந்த உருளையின் சுற்றளவு 10 சென்ரிமீற்றர் என்றால், அது செக்கனுக்கு 200 முறை சுழலவேண்டும். நின்றிருந்த உருளை இமைப்பொழுதில் அந்த வேகத்தை அடைகிறது. பிறகு என்ன நேர்கிறது? காற்று இரையைத் தடுக்கிறது; இரையின் வேகம் படிப்படியாகக் குறைகிறது. உருளையைத் தடுக்கக் காற்று இல்லை. அதன் சடத்துவம் அதனைப் பழைய வேகத்திலேயே சுழலச் செய்கிறது. இரை கேட்பது ஒரு முழம் நூல். உருளை கொடுப்பது ஒன்றரை முழம். மிகுந்த அரை முழம் போக இடமின்றி உருளையின்மேலேயே வளையமாகப் பொங்குகிறது. அடுத்த வளையம் அதன்மேல் விழுகிறது. ஒன்றையொன்று பற்றிக்கொண்டதும் நூல் பூட்டுப்போட்டது போலாகிவிடும். பட்டம் விட்டவர்கள் இதனை அறிவர். கட்டையைக் கையிற் பிடித்துக்கொண்டு நூலை விடும்போது காற்றுச் சட்டென்று ஓய்ந்தால், சுழலும் கட்டை நூலைக் காலடியிற் குவித்துவிடுகிறதன்றோ? அதே கதைதான் இது.

ஆகவே உருளையின் வேகம் இரையின் வேகத்துக்கு மேற்போகாமற் பார்த்துக்கொள்வதே வேலை. அதற்கு மூன்று காவலர் உள்ளனர். முதலாவது, கைபிடிப் பக்கத்தில் உருளையின் அச்சு முனையை அழுத்தும் சிறிய திருகு. இரண்டாவது, எதிர்ப்பக்கத் தட்டிலுள்ள பிறேக். மூன்றாவது, பெருவிரல். தொடக்கக்காரன் முதலிரண்டையும் மிக இறுக்கமாக வைத்துத் தொடங்க வேண்டும். பெருவிரல் கற்றுக்கொள்ளக் கொள்ள அவற்றைத் தளர்த்திச் செல்ல வேண்டும். கைதேர்ந்த ஒருவனுடைய றீலைப் பார்த்து, அவன் வைத்திருப்பது போலவே தானும் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு வீசுபவன், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியுமுன் புராணம் படிக்கப் புகுந்த பிள்ளைக்கு ஒப்பாவான். இப்பிழையைச் செய்யாத தொடக்கக்காரர் மிகச் சிலரே.

வீசப் பழகும் இடம் நீர்க்கரையன்று, புல்தரை. ஒரு விளையாட்டிடலோ வீட்டுப் பின்வளவோ போதும். அங்கே மீன் என்னும் ஆசை இல்லை; ஆகையால் அவசரமும் இல்லை. முள்ளில்லாத ஓர் எடையை நூலின் நுனியிற் கட்ட வேண்டும். 15 முதல் 20 கிராம் வரையுள்ள எடை ஏற்றது. பயிற்சிக்கு இலேசான எடை எளிதாயிருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. இலேசான பொருள் உருளையைச் சுழற்றத் தொடங்கவே திணறும்; காற்று அதனை விரைவில் தடுத்துவிடும்; உருளைமட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நல்ல கனமுள்ளது நூலை நெடுந்தூரம் விறைப்பாக இழுத்துச் செல்லும்.

நூலைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழங்காலத்தில் முறுக்கிய பட்டு நூலையே பயன்படுத்தினர். அதனை ஒவ்வொரு நாளும் கழற்றி உலர்த்தாவிட்டால் இற்றுப்போகும். 1938இல் நைலோன் உலகுக்கு அறிவிக்கப்பட்ட பின்னர் அத்தொல்லை நீங்கிற்று. நம் நாட்டிலே தங்கூசி என்று வழங்கும் ஒற்றை இழை நூல் தொடக்கக்காரனுக்கு மிகப் பொருந்தும். 12 முதல் 15 இறாத்தல் வரை தாங்குவதாயிருந்தால் நல்லது. அதைவிட மெல்லியது வளையத்துக்குள் வளையமாகப் புகுந்து சிக்கும். புதிதாக வந்துள்ள பின்னல் நூல்கள் வலியவை, ஆனால் அவை இறுகியபோது கீழ்ச்சுற்றுக்குள் அமிழ்ந்துவிடும், விலையும் மிகுதி, சிக்கினால் அறுத்தெறிய மனம் வராது. உருளையை விளிம்பு முட்ட நிரப்புவதும் தவறு. விளிம்பிலிருந்து 3 மில்லிமீற்றர் அளவு குறைவாக நிற்பது சரி.

இப்பொழுது திருகுக்கு வருவோம். திருகை முழுதும் இறுக்காமல், கைக்கு நன்றாக இறுக்கம் தெரியும்வரை முன்னோக்கித் திருப்ப வேண்டும். கோலைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, நுனியிலிருந்து ஒரு சாண் கீழே எடை தொங்குமாறு நூலைச் சுற்றியெடுத்துக்கொள்ள வேண்டும். பெருவிரலை உருளையின்மேல் வைத்தபடியே நெம்பை அழுத்தி, பின் பெருவிரலை மெதுவாக எடுக்க வேண்டும். எடை விழாமல் நின்ற இடத்திலேயே நிற்குமாயின் தொடக்கம் சரி. இனித் திருகை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்த வேண்டும். ஒரு நிலையில் எடை, தயங்கித் தயங்கிக் கீழிறங்கத் தொடங்கும். கிணற்றிலே வாளியை மெல்ல இறக்குவது போல அது இறங்க வேண்டும், தொப்பென்று விழக்கூடாது. அது தரையைத் தொட்டதும் கண்ணை உருளையிலே வைக்க வேண்டும். உருளை அக்கணமே நின்றுவிட்டால், அல்லது அதற்குமேல் ஒரு சுற்றுக்கும் குறைவாகவே ஓடி நின்றால், திருகு உரிய நிலையில் இருக்கிறது. இரண்டு மூன்று சுற்று ஓடி நூல் தளர்ந்தால், திருகு மிகவும் தளர்ந்துவிட்டது என்பது பொருள்.

இந்தச் சோதனையை ஒருமுறை செய்தால் என்றைக்கும் போதும் என்று எண்ணுவது அடுத்த பிழை. திருகின் அமைப்பு றீலுக்கு உரியதன்று. அன்று கட்டிய எடைக்கு உரியது. 20 கிராம் எடைக்கு அமைத்த திருகோடு 10 கிராம் எடையைக் கட்டினால் அது சோம்பிக் கிடக்கும். 30 கிராமைக் கட்டினால் தொப்பென விழும். இரையை மாற்றுந்தோறும் இச்சோதனையைச் செய்ய வேண்டும். அரை நிமிடத்துக்குமேல் ஆகாது. ஆயினும் சிக்கல்களிற் பெரும்பகுதி அந்த அரை நிமிடச் சோம்பலிலேதான் பிறக்கிறது.

பிறேக் இரண்டு வகையாகும். பழைய வகையிலே, உருளையின் பக்கத்தில் சிறு கட்டைகள் ஆரக்கால்கள்போல் அமைந்த கம்பிகளிற் கோக்கப்பட்டிருக்கும். உருளை வேகமாகச் சுழலும்போது மையநீக்க விசையால் அவை வெளியே தள்ளப்பட்டு, சுற்றிலுமுள்ள வளையத்தில் உராயும். வேகம் இரட்டித்தால் அவ்விசை நான்கு மடங்காகும். ஆதலால் வீச்சின் தொடக்கத்தில், உருளை வெறிகொண்டு சுழலும் கணத்தில், இது வலுவாகத் தடுக்கிறது; வேகம் தணிந்ததும் தானாகவே ஒதுங்கிவிடுகிறது. பக்கத் தட்டைத் திறந்து, எத்தனை கட்டைகள் வேலை செய்யவேண்டுமோ அத்தனையை வெளியே தள்ளி வைக்கலாம். எதிரெதிராக உள்ளவற்றை இணையாகத் தள்ளுதல் வேண்டும். ஒரு பக்கத்தைமட்டும் தள்ளினால் உருளை நடுங்கும். தொடக்கக்காரனுக்கு எல்லாக் கட்டைகளும் வெளியே இருப்பதே நலம்.

மற்றையது 1980களிற் பரவிய காந்தப் பிறேக். அதிலே ஒன்றும் உராய்வதில்லை. அலுமினிய உருளை காந்தங்களின் அருகே சுழலும்போது அதனுள்ளே மின்னோட்டச் சுழிகள் பிறக்கின்றன. அவை தம்மைப் பிறப்பித்த இயக்கத்தையே எதிர்க்கின்றன. காந்தத்தை உருளைக்கு அருகே கொண்டுசென்றால் தடை மிகும், விலக்கினால் குறையும். வெளியே ஒன்று முதல் பத்து வரை எண்கள் பொறித்த சுழற்றி ஒன்றிருக்கும். பத்திலே தொடங்கலாம். பத்து வீச்சுகள் சிக்கலில்லாமற் போனால் ஓர் எண் குறைக்கலாம். ஒருமுறை சிக்கினால் வெட்கப்படாமல் ஓர் எண் கூட்டிக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த சில றீல்களில், உருளையின் வேகத்தைக் கணந்தோறும் அளந்து தடையைக் கூட்டிக் குறைக்கும் நுண்கணினியே பொருத்தப்பட்டிருக்கிறது. அவற்றின் விலை வேறு கதை. அவற்றிலும், இரை நீரைத் தொடும் கணத்தில் உருளையை நிறுத்துவது பெருவிரலே.

வீசும் முறையைப் பார்ப்போம். கோலைப் பிடித்த கையை, றீலின் கைபிடி மேல்நோக்கியிருக்குமாறு சற்றுப் புரட்டிப் பிடித்தால் மணிக்கட்டுத் தடையின்றி அசையும். பெருவிரல் உருளையை அழுத்தியிருக்க, நெம்பைத் தட்டிவிட்டுக் கோலைப் பின்னே கொண்டுபோய், எடை கோலை வளைப்பதை உணர்ந்த பின், சீராக முன்னே கொண்டுவர வேண்டும். எடையைத் தள்ளுவது கோலின் வளைவு. கையின் வெறி அன்று. வெட்டென்று வீசினால் உருளை வெட்டென்று புறப்படும். முதற் கணத்திலேயே சிக்கும். ஒரு நல்ல அடையாளம் உண்டு. புறப்பட்டவுடனே சிக்கினால், வீச்சிலே வன்மை மிகுதி அல்லது பிறேக் போதாது. இடைவழியிலோ இறுதியிலோ சிக்கினால், திருகு தளர்ந்திருக்கிறது அல்லது பெருவிரல் உறங்கிவிட்டது. இந்த வேறுபாட்டை அறியாதவன் ஒன்றிற் பிழையிருக்க மற்றொன்றைத் திருத்திக்கொண்டேயிருப்பான்.

பெருவிரலை விடும் கணமும் முக்கியமானது. முந்தி விட்டால் எடை வானத்துக்குப் போகும். பிந்தி விட்டால் காலடியிலே அடிபடும். கோல் தலைக்குமேல் நேராக நிற்பதைக் கடிகாரத்தின் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டால், முன்னோக்கி வரும்போது அதைச் சற்றுத் தாண்டியதும் விடுவது சரியாக இருக்கும். விட்ட பின்னர்ப் பெருவிரலைத் தூக்கிவிடக்கூடாது. இறகு தொடுவதுபோல அது நூலின்மேல் மிதந்துகொண்டிருக்க வேண்டும். நூல் சற்றே பொங்குவதைக் கண் காணுமுன் விரல் உணரும். உணர்ந்ததும் சிறிது அழுத்த வேண்டும். எடை நிலத்தைத் தொடும் நொடியில் முற்றாக அழுத்தி நிறுத்த வேண்டும். எதிர்க்காற்று வீசும் நாளில் இரை விரைவிற் தளர்வதால், பிறேக்கை ஓரிரு எண் கூட்டிக்கொள்வதே அறிவு.

இங்கே ஒரு கருத்து வேறுபாடு உண்டு. திருகையும் பிறேக்கையும் என்றும் இறுக்கியே வைத்துக்கொண்டால் சிக்கலே வராதே, பெருவிரலுக்கு ஏன் இந்தப் பயிற்சி என்று கேட்போர் உளர். அவர்கள் சொல்வது பொய்யன்று. சிக்கல் வராது. ஆனால் இரை பதினைந்து மீற்றருக்குமேற் போகாது. தூரம் வேண்டும் என்று அவர்கள் தோளை முறுக்கி வீசுவர். வன்மை கூடக்கூடக் குறி தவறும். நெடுங்காலம் அப்படியே பழகியவனின் பெருவிரல், எவ்வளவு றீல் மாறினாலும், தொடக்கக்காரனின் பெருவிரலாகவே இருந்துவிடும். மாறாக, முதல் நாளே எல்லாவற்றையும் தளர்த்தி, சிக்கலிலிருந்தே பெருவிரல் பாடம் கற்கட்டும் என்று சொல்லும் கடுமையான ஆசிரியரும் உளர். அவர்களிடம் பயின்றவர்களிற் பலர் இரண்டாம் நாள் வருவதில்லை. தடையை ஒவ்வோர் எண்ணாகக் குறைப்பதே நடுவழி. கிழமைக்கு இரண்டு மாலை வேளை புல்தரையில் வீசிப் பழகுபவன் ஒரு மாதத்துள் சுழற்றியைப் பாதி எண்ணுக்குக் கொண்டுவந்துவிடலாம். அதற்குமேல் அவசரம் வேண்டியதில்லை.

எத்துணைக் கவனமாயிருந்தாலும் சிக்கல் வந்தே தீரும். வந்தால் நூலைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கக்கூடாது. இழுத்தால் தளர்ந்த வளையங்கள் முடிச்சாக இறுகிவிடும். பெருவிரலால் சிக்கலின்மேல் நன்றாக அழுத்தியபடியே கைபிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். பொங்கிய வளையங்கள் விரலின்கீழ் அமுங்கிப் படியும். பின் நெம்பை அழுத்தி நூலை மெல்ல வெளியே இழுத்தால் அது பெரும்பாலும் வழுக்கி வந்துவிடும். எங்காவது நின்றால் மறுபடியும் அழுத்திச் சுற்றி, மறுபடியும் இழுக்க வேண்டும். முதன்முறை பார்ப்பவருக்கு இது மாயம்போலத் தோன்றும்.

மற்றோர் உபாயமும் உண்டு. புல்தரையில் ஒரு நல்ல வீச்சு வீசியபின், அதற்குமேல் ஐந்தாறு மீற்றர் நூலைக் கையால் இழுத்துவிட்டு, உருளையில் எஞ்சியுள்ள நூலின்மேல் ஓர் ஒட்டுத் துண்டை ஒட்டிவிட வேண்டும். பிறகு நூலைச் சுற்றியெடுத்தால், இனி எந்தச் சிக்கலும் அந்த ஒட்டுக்குக் கீழே இறங்காது. மீன் பிடிக்கப் போகும் நாளில் அதை நீக்கிவிட வேண்டும்; இல்லையேல் பெரிய மீனொன்று ஓடும்போது அந்த ஒட்டிலே நூல் தடைப்பட்டு அறும்.

அவிழ்க்கவே முடியாத சிக்கலை அறுக்க வேண்டி வரும். அறுத்த தங்கூசியை நீர்க்கரையிலே எறிவது பெருங்குற்றம். அது இலகுவில் மக்கிப்போவதில்லை. பல்லாண்டு அப்படியே கிடக்கும். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அதிலே காலும் இறகும் சிக்கி, பறக்கவும் இரைதேடவும் இயலாமற் பட்டினியால் மடிகின்றன. சிக்கலுற்ற நூலைச் சிறு சிறு துண்டாக வெட்டிப் பையிற் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது தொடக்கக்காரன் முதல்நாளே பழக வேண்டிய வேலை. ஏனெனில் மற்றெல்லாரையும்விட அதிக நூலை அறுப்பவன் அவனே.

இன்னுமொன்று எஞ்சியிருக்கிறது. கைபிடிக்கும் றீலின் உடலுக்குமிடையே நட்சத்திர வடிவான சில்லொன்று உண்டு. இதற்கும் வீச்சுக்கும் யாதொரு தொடர்புமில்லை. தொடக்கக்காரர் பலர் சிக்கல் வந்ததும் இதனையே திருகுகின்றனர், திருகிப் பயனில்லை. தூண்டிலிற் பட்ட மீன் இழுத்து ஓடும்போது எவ்வளவு விசைக்கு நூல் இளகிக் கொடுக்க வேண்டும் என்பதை நிருணயிப்பது இது. நூல் தாங்கும் விசையில் நாலில் ஒரு பங்குக்கு இதனை அமைப்பது பாதுகாப்பானது. நுனியை ஒரு விற்றராசிலே கட்டி, கோலை வளைத்து இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 12 இறாத்தல் நூலாயின், தராசு 3 இறாத்தல் காட்டும்போது உருளை இளகத் தொடங்க வேண்டும். முடிச்சின் பலவீனத்துக்கும், மீனின் முதல் அதிர்ச்சிக்கும், கோலின் வளையங்களில் ஏற்படும் உராய்வுக்கும் மீதி முக்காற் பங்கு இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் நட்சத்திரச் சில்லைத் தளர்த்தி வைக்க வேண்டும். உள்ளேயுள்ள தட்டுகள் அழுந்திக் கெடாமலிருக்கும். உவர்நீரிலே பயன்படுத்தினால் நன்னீரால் மெல்லக் கழுவித் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். அச்சு முனை ஒவ்வொன்றிலும் ஒரேயொரு துளி மெல்லிய எண்ணெய் விடலாம். எண்ணெய் விட்டபின் உருளை முன்னைவிட இலேசாகச் சுழலும். ஆகையால் மறுநாட் காலையில், நேற்றைய அமைப்பை நம்பி வீசாமல், எடையைத் தொங்கவிட்டு அது தயங்கித் தயங்கி இறங்குகிறதா என்று மீண்டும் பார்த்தபின்னரே கோலைத் தோளுக்குப் பின்னே கொண்டுபோக வேண்டும்.